தேதி குறித்த ஆபரேஷனுக்கு ரத்தத்தை முன்கூட்டியே சேமிப்போம்



இந்த இதழின் உடல்நலப் பாடம் ஆபரேஷனையும் ரத்தத்தையும் பற்றியது. நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வருகிறவர்களில் வைத்தியச் செலவுக்குக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம், தீக்காயத் தழும்பைச் சரிசெய்வது, இப்போது புதிதாக வயிற்றுக் கொழுப்பை எடுப்பது என்று காரணங்கள் பல. தொகையைப் பேசுகிறோம், வட்டியைப் பேசுகிறோம், தவணையைப் பேசுகிறோம். "ஒனக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் "ரத்தம் கம்மி, ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க" என்கிறார்கள். அப்புறம் வீட்டு ஆம்பளைங்க விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் ஓடுகிறார்கள்.

இந்த ஓட்டத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

எந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆபரேஷனில் இரண்டு வகை. ஒன்று அவசரம். விபத்து, பிரசவத்தில் ரத்தப்போக்கு, குடல்வால் வெடித்தது போன்றவை. அங்கே யோசிக்க நேரம் கிடையாது. டாக்டர் ரத்தம் வேண்டும் என்றால் உடனே ஏற்ற வேண்டும்.

இன்னொன்று தேதி குறித்துச் செய்வது. கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம், மூட்டு மாற்று, தீக்காயத்தில் ஒட்டிப்போன கழுத்தையும் கையையும் பிரித்துவிடுவது, உதட்டுப் பிளவு, மார்பகத்தின் பாரத்தைக் குறைப்பது, அழகுக்காகச் செய்வது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. அடுத்த வாரம் செய்யலாம், ஆறு வாரம் கழித்தும் செய்யலாம். அந்த ஆறு வாரம்தான் நமக்குக் கிடைக்கிற லாபம். இந்தப் பாடம் முழுக்க இந்த இரண்டாம் வகையைப் பற்றியதுதான். புற்றுநோய் என்றால் மட்டும் நாமாகத் தேதியைத் தள்ளக் கூடாது. டாக்டர் சொல்கிற நாளை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆபரேஷன் கட்டாயம் தேவையா? மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019ல் அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. விசாரித்த 82 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நம்ம பக்கமும் கரும்பு மண்தான். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடமும் காட்டிக் கேளுங்கள். மருந்திலேயே சரியாகும் என்றால் கத்தியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்கிற இரும்புச்சத்துள்ள பொருள். மூச்சுக் காற்றை உடம்பு முழுக்கச் சுமந்து போவது அதுதான். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11 கிராம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இருபது பேர் உட்கார்ந்திருக்கிற குழுவில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் சுமார் மூணேகால் லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஆபரேஷனில் அரை லிட்டர் போகிறது என்று வைப்போம். அதாவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு.

12 கிராமோடு போன பெண்ணுக்கு அதன் பிறகு சுமார் 10 கிராம் மிஞ்சும். களைப்பு இருக்கும், ஆனால் சமாளித்துவிடுவாள்.

8 கிராமோடு போன பெண்ணுக்கு 7க்கும் கீழே இறங்கிவிடும். உடல் நிலையாக இருக்கிறவர்களுக்குப் பொதுவாக 7 கிராமுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு 8 கிராமிலேயே யோசிப்பார்கள்.

அதே டாக்டர், அதே ஆபரேஷன், போன ரத்தமும் அதே அளவு. ஒருத்திக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது, இன்னொருத்திக்குத் தேவையில்லை. வித்தியாசம் கையிருப்பில்தான். வாராவாரம் சேமிக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கையிருப்பு இல்லாதவர்தான் அவசரத்துக்கு அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் ரத்தத்தை ஏன் தவிர்க்கப் பார்க்க வேண்டும்?

தானம் கொடுத்த ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, மஞ்சள்காமாலை சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996ல் தந்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். இவற்றால் ரத்தம் முன்பைவிட எவ்வளவோ பாதுகாப்பாகிவிட்டது. ஆனாலும் தொற்று வந்த புதிதில் சில நாட்கள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மனிதத் தவறும் நடக்கலாம்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தசோகை. அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டார். அவரே ஓடிப்போய்ச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அந்த இளைஞரும் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பணம் வந்தாலும் போனது திரும்புமா?

இப்படி நடப்பது மிக அபூர்வம். அடிக்கடி வருகிற தொல்லைகள் வேறு. குளிர்காய்ச்சல், உடம்பில் தடிப்பு, வயதானவர்களுக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது ஆகியவை வரலாம். ஆள் மாறி வேறு குரூப் ரத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ரத்தத்தை டானிக் போல நினைக்கக் கூடாது என்கிறோம். நோயாளியின் சொந்த ரத்தத்தைப் பெருக்கி, வீணாகாமல் காத்து, ஏற்றுவதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2010லேயே எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

ஆறு வாரத்தில் சேமிப்பது எப்படி?

1. முதலில் பரிசோதனை. ஆபரேஷன் என்று பேச்சு வந்த அன்றைக்கே ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அட்மிஷன் போட்ட பிறகு பார்த்தால் காலம் கடந்துவிடும்.

2. காரணத்தைத் தேட வேண்டும். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மாதவிடாயில் அதிகம் போகிறதா? மூலம் இருக்கிறதா? வயிற்றுப் புண்ணா? செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறதா? புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும். அதிக மாதவிடாயைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட வேண்டும்.

3. இரும்புச்சத்து மாத்திரை. டாக்டரோ கிராம சுகாதார செவிலியரோ சொன்ன அளவில் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாப்பழம் கூடச் சேர்ந்தால் நன்றாக உடம்பில் ஒட்டும். டீ, காபி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் கூடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாமல் குமட்டினால் மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிச் சாப்பிட்டாலும் உடம்பு நன்றாக ஏற்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

4. ஒரு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது. சிலருக்குப் பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கும். அவர்களுக்கு இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

5. நாள் குறைவாக இருந்தால் ஊசி. நரம்பு வழியாக ஏற்றுகிற இரும்புச்சத்து மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போட வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது உதவும்.

6. சாப்பாடு. முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, எள்ளு, பயறு வகைகள் அன்றாடம் இருக்கட்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நல்லது. கறிக்குழம்பில் ஈரலை அவருக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிற பழக்கத்தை இந்த ஆறு வாரமாவது விடுங்கள். ஆனால் ரத்தசோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

7. மற்ற மருந்துகளைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

அழகுக்கான ஆபரேஷன்

"வயித்து வலி இல்ல, காய்ச்சல் இல்ல, எதுக்கு இதுக்கெல்லாம் ஆபரேஷன்?" என்று சிலர் கேலி பேசுவார்கள். நாம் அப்படிப் பேச வேண்டாம். தீக்காயத்தில் கழுத்து ஒட்டிப்போன பெண் நிமிர்ந்து நடக்க நினைப்பதும், மார்பின் பாரத்தால் தோள்வலியோடு களை எடுக்கிற பெண் அதைக் குறைக்க நினைப்பதும் வீண் ஆசை அல்ல. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பகச் சீரமைப்பு ஆபரேஷனை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. புதுச்சேரி ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குத் தனித் துறையே இருக்கிறது. தழும்புக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் கடன் வாங்கும் முன் அங்கே போய்க் கேட்கலாம்.

ஆனால் அழகுக்காகச் செய்வதில் அவசரமே கிடையாது. ஆகவே அதில் அடுத்தவர் ரத்தம் தேவைப்படுகிற நிலைமையே வரக் கூடாது. ரத்தம் குறைவாக இருக்கும்போதே "நாளைக்கே வாங்க, தள்ளுபடி இருக்கு" என்று ஓர் இடத்தில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொழுப்பு எடுக்கும் முறையே இதற்கு நல்ல உதாரணம். ஆரம்பத்தில் குழாயை நேரே செருகி உறிஞ்சினார்கள். வெளியே வந்ததில் கால் பங்கும் அதற்கு மேலும் ரத்தமாகவே இருந்தது. பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. 1987ல் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார். மரத்துப்போகிற மருந்தையும், ரத்தக் குழாயைச் சுருக்குகிற அட்ரினலினையும் நிறைய உப்பு நீரில் கலந்து முதலில் செலுத்திவிட்டு, பிறகு உறிஞ்சுவது. ரத்த இழப்பு மிகச் சிறிதாகிவிட்டது. ஆனாலும் ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய ஆபரேஷனாகவே கருதுகிறார்கள். கொழுப்பு எடுப்பது உடம்பின் வடிவத்தைத் திருத்தத்தான். உடம்பு எடையைக் குறைக்கிற வைத்தியம் அல்ல அது. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது டி.வி. நடிகை ஒருவர் கொழுப்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் நீர் கோத்து இறந்துபோனார். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது.

ஆபரேஷன் மேசையில் டாக்டர் செய்யக்கூடியவை

நாம் கையிருப்பைக் கூட்டுகிறோம். செலவைக் குறைப்பது டாக்டர் கையில் இருக்கிறது. வெட்டும்போதே மின்சூட்டால் ரத்தக் குழாயை அடைப்பது, உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, பெரிய வேலையை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்வது எல்லாம் இதில் சேரும். பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில், கசிகிற ரத்தத்தைச் சேர்த்துச் சுத்தம் செய்து அதே நோயாளிக்கே திரும்ப ஏற்றும் இயந்திரமும் உண்டு.

டிரனெக்சாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து. ரத்தக் கட்டு கரையாமல் காத்து, போக்கைக் குறைக்கும். விலை குறைவு. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்பது நமக்குப் பெருமை. ஜப்பான் நாட்டு விஞ்ஞானி உடாகோ ஒகாமோடோ தன் கணவரோடு சேர்ந்து 1962ல் இதை வெளியிட்டார். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2017ல் சுமார் 20,000 தாய்மாரை வைத்து 21 நாடுகளில் நடந்த ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் குறைகிறது என்று காட்டியது. ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். ஆகவே டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டங்களில் கேட்ட கேள்விகள்

"பீட்ரூட் ஜூஸ் குடிச்சா ரத்தம் ஊறும்னு சொல்றாங்களே அக்கா?"
நிறம்தான் சிவப்பு. அதில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். மாதுளையும் அப்படியே. சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திக்கிட்டா ஆறு வாரம் காத்திருக்க வேணாமே?"
ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம்தான் கூடும். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டால் அந்த 1 கிராம் உங்கள் உடம்பிலேயே ஊறும். மாத்திரையால் காய்ச்சல், தொற்று என்று எந்தப் பயமும் இல்லை.

"சொந்த அண்ணன் தம்பி ரத்தம்னா பயமில்லதானே?"
அப்படி இல்லை. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் வேறு ஒரு ஆபத்து அபூர்வமாக வரும். ரத்த வங்கியில் கதிர்வீச்சு கொடுத்துத்தான் அதைத் தவிர்க்க முடியும். அண்ணன் ரத்த வங்கிக்குத் தானம் கொடுக்கட்டும், அது யாருக்காவது உதவும்.

"என் ரத்தத்தையே முன்னாடி எடுத்து வச்சுக்க முடியாதா?"
முன்பு அப்படிச் செய்தார்கள். எடுத்து வைத்ததாலேயே ஆபரேஷன் அன்றைக்கு ரத்தசோகை வந்துவிடுகிறது என்பதால் இப்போது குறைந்துவிட்டது. உடம்புக்குள்ளேயே கூட்டி வைப்பதுதான் மேல்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம்

ரத்தமே ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போதோ, விபத்திலோ, ஆபரேஷனில் எதிர்பாராமல் அதிகம் போனாலோ, டாக்டர் சொன்னால் மறுக்காமல் சம்மதியுங்கள். தயங்குகிற நிமிடத்தில் உயிர் போய்விடும். தலசீமியா குழந்தைகள் மாதாமாதம் அடுத்தவர் ரத்தத்தில்தான் வாழ்கிறார்கள். தேதி குறித்த ஆபரேஷனில் நாம் மிச்சப்படுத்துகிற ஒவ்வொரு யூனிட்டும் இப்படிப்பட்ட ஒருவருக்குப் போகும். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிற சகோதரிகள் தாராளமாக ரத்த தானம் செய்யலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த ஆபரேஷன் இப்போதே தேவையா, தள்ளிப்போடலாமா? மருந்தில் சரியாகுமா?
2. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? எவ்வளவு இருந்தால் செய்வீர்கள்?
3. வழக்கமாக இதில் எவ்வளவு ரத்தம் போகும்? குறைக்க என்ன செய்வீர்கள்?
4. அவசரமானால் ரத்தம் எங்கிருந்து வரும்? தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா?
5. நான் சாப்பிடுகிற மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்?

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வங்கி மேனேஜரிடம் கணக்குக் கேட்கிற நமக்கு டாக்டரிடம் நம்ம உடம்பைப் பற்றிக் கேட்க என்ன தயக்கம்?

குழுக் கூட்டத்தில் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள்

தேதி குறித்த ஆபரேஷனுக்கு உள்கடன் கேட்டு வருகிற சகோதரியிடம், ஹீமோகுளோபின் பார்த்தாயா என்று ஊக்குநர் தனியாகக் கேட்கட்டும். குறைவாக இருந்தால் கடனை மறுக்க வேண்டாம். முதல் தவணையாகப் பரிசோதனைக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஒரு சிறு தொகை கொடுங்கள். மீதியை ஆபரேஷன் தேதிக்கு முன் கொடுங்கள். தொகை மொத்தத்தில் அதேதான், ஆனால் ஆறு வாரம் கிடைத்துவிடும். யாருக்கு என்ன நோய் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதாதீர்கள், வெளியில் பேசாதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை கிராம சுகாதார செவிலியரை அழைத்து எல்லா உறுப்பினர்களுக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள். அளவை அவரவர் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவரவரே குறித்துக்கொள்ளட்டும். ஆபரேஷன் வருமோ வராதோ, ஏறிய ரத்தம் வீண் போகாது. களை எடுக்கும்போது மூச்சு வாங்காது, மாடிப்படி ஏறினால் தலை சுற்றாது.

நம்ம ஊர்ப் பெயரே பெண்ணில்தான் தொடங்குகிறது. இந்த ஊர்ப் பெண்கள் சோகை பிடித்து வெளுத்துப்போய் நிற்கக் கூடாது. அடுத்த கூட்டத்திலேயே இந்தப் பாடத்தை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். உங்கள் குழு போட்ட தீர்மானத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.